குளிரறைக்கு வெளியே நின்ற கணவாய்

விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் அவளுக்கு ஜில்லக்கா என்று பெயர். கழுத்தில் தொங்கிய அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் வாசித்தார்கள். சுமை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், ஏஜெண்டுகள், சுங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ஜில்லக்காதான். ஒருமுறை வெளிநாட்டு விமானக் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி, போகும்போது "தேங்க் யூ, மிஸ் ஜில்லக்கா" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். யாரும் திருத்தவில்லை.

அவள் பார்த்த வேலையைச் சொல்வது எளிது. ஆகாயத்தில் வெளிநாடு போகும் உணவுப் பொருள்களை வாங்கி, குளிரில் வைத்து, விமானம் வந்ததும் கெடாமல் ஏற்றிவிட வேண்டும். கொட்டகையில் இரண்டு குளிரறைகள் இருந்தன. பெரிய அறையில் ஐஸ் போட்ட பச்சை மீன், நறுக்கிய பழம், கீரை, காளான். அங்கே குளிர் எலும்பு வரை போகாது. மூக்கு மட்டும் சிவக்கும். சின்ன அறையில் கல்லாக உறைந்த சரக்கு: கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம், இறால். அங்கே நுழைந்தால் கண் இமையில் பனித்தூள் படியும். இரண்டுக்கும் வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு நாள் முழுக்க உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள்.

அவள் முதலில் லேபிள் ஒட்டத்தான் சேர்ந்தாள். குளிரறைக்கு வைத்த ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டு வலி, சளி, மாமியார் வீட்டில் விசேஷம் என்று வேலையை விட்டுக்கொண்டே போனார்கள். ஒருநாள் ஆளே இல்லாமல் ஒரு லாரி மீன் வாசலில் நின்றது. இவள் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவளை யாரும் வெளியே கூப்பிடவில்லை. கொஞ்ச வருஷத்தில் பகல் ஷிப்டுக்கு அவளே பொறுப்பாளர் ஆனாள்.

கணவர் பள்ளி வேன் ஓட்டினார். வாய் ஓயாத மனிதர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவளின் கையைத் தொட்டுப் பார்த்து, "ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கு. உள்ள ஏதாவது சாப்பிட இருக்கா?" என்பார். வருஷக்கணக்காக இதையே சொன்னார். அவளும் வருஷக்கணக்காகச் சிரிக்காமல் இருந்தாள். அது அவர்களுக்குள் ஒரு பழக்கம்.

அவளுக்கு ஒரே தம்பி. நல்ல பையன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். ஆனால் எந்தத் தொழிலிலும் உட்காரமாட்டான். செல்போன் கடை வைத்தான், ஜூஸ் கடை வைத்தான், வாத்து வளர்த்தான். ஒன்றைத் தொட்டால் சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசுவான். பிறகு ஒருநாள் வேறு எதையோ பற்றிப் பேச ஆரம்பிப்பான். சொந்தக்காரர்கள் அவனுக்கு 'அடுத்தது' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அடுத்தது எங்க, காணோம்?" என்று அவன் முன்னாலேயே கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவன் மனைவி அப்படியில்லை. அளந்து பேசுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் மேற்பார்வை பார்த்தவள். வாத்துகளும் போன பிறகு, இனி உன் யோசனை போதும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டிலேயே கணவாய் மீன் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தோலை உரித்து, மையை எடுத்து, வளையம் வளையமாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்தாள். முதலில் உள்ளூர் ஓட்டல்களுக்குக் கொடுத்தாள். உறையவைக்கும் பெட்டிகளை வைக்க வீட்டில் இடம் வேண்டியிருந்தது. பின்னறையைக் காலி செய்தாள். அந்த அறையில்தான் ஜில்லக்காவின் அம்மா படுத்திருந்தாள். அம்மாவின் கட்டில் முன்கூடத்துக்கு வந்தது.

ஜில்லக்கா இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள். பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தாள். மூன்று வெள்ளைப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. தம்பி மனைவி கையில் கத்தியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"பெத்தவளைத் தூக்கி வெளியில போட்டுட்டு மீனை உள்ள வச்சிருக்கியா?" என்று ஜில்லக்கா கேட்டாள்.

"அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன் அண்ணி."

"அவங்க என்ன சொல்லுவாங்க? மருமக கேட்டா மாட்டேன்னா சொல்லுவாங்க?"

"அப்ப நீங்க கூட்டிட்டுப் போய் வச்சுக்கோங்க."

தம்பி நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவளுக்குக் கூடம் பிடித்திருந்தது. தெருவில் போகிறவர்களோடு ஜன்னல் வழியாகப் பேசலாம். ஆனால் மகள் தனக்காகச் சண்டை போடும்போது குறுக்கே பேசி அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்கள், ஆனால் தேவைக்கு மட்டும்.

தம்பி மனைவிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே நிறைய உணவகங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனி, முதலில் கொஞ்சம் அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. உறைந்த சரக்கு சாதாரணமாகக் கப்பலில்தான் போகும். முதல் மாதிரி என்பதால் விமானத்தில் அனுப்ப முடிவாயிற்று. அவள் பல நாள் உட்கார்ந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கினாள். தடித்த தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கி, மேலே டிரை ஐஸ் கட்டிகளை வைத்து மூடினாள். டிரை ஐஸ் சாதாரண ஐஸ் மாதிரி உருகித் தண்ணீர் ஆகாது. வெறும் புகையாகப் போய்விடும். போன பிறகு, இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மூடிய விமானத்துக்குள் அந்தப் புகை சேர்ந்தால் ஆபத்து என்பதால், எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை தம்பிக்கு. காலையில் வாடகை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஜில்லக்கா மற்றவர்களுடையதைப் போலவே அதையும் எடைபோட்டு, சோதித்து, சின்ன அறையில் வைத்தாள். அதில் ஒரு சலுகையும் காட்டவில்லை. தம்பி கொட்டகை ஓரத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏற்றுமதித் தொழில் பற்றி விளக்கமாகப் பேசிவிட்டுப் போனான்.

அன்றைக்கு எல்லாமே ஒன்றாகக் கெட்டது. விமானம் இறங்க வேண்டிய ஊரில் புழுதிப் புயல். காலை விமானம் ரத்தாகிவிட்டதால் அதில் போக வேண்டிய மீனும் பழமும் பெரிய அறையிலேயே தங்கின. மதிய விமானத்துக்கான சரக்கும் வந்து சேர, பெரிய அறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சின்ன அறையின் கம்ப்ரசர் நின்றது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சாமான் வாங்கி வரணும், சாயந்திரம் ஆகும் என்றார்.

ஜில்லக்கா நின்று யோசித்தாள். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை மீனை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நாறிவிடும். நறுக்கிய பழம் அதைவிட மோசம். உறைந்த சரக்கு தடித்த பெட்டியில், டிரை ஐஸோடு இருக்கிறது. நிழலில் வைத்து மூடினால் ஒரு பகல் தாராளமாகத் தாங்கும். நின்றுபோன அறையை அடிக்கடி திறந்து மூடி உள்ளே வைத்திருப்பதைவிட, மெக்கானிக்குக்கு வழி விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுப்பதே நல்லது. கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம், இறால், கணவாய் எல்லாவற்றையும் வெளி நடையின் நிழல் பக்கம் அடுக்கச் சொன்னாள். மேலே வெள்ளி நிறப் போர்வைகளை இழுத்துக் கட்டினார்கள்.

யாரோ ஏஜெண்ட் மூலமாகத் தம்பிக்குச் செய்தி போய்விட்டது. போன் அடித்தது.

"அக்கா, நம்ம சரக்கு உள்ளதானே இருக்கு?"

"இல்ல. எல்லா உறைஞ்ச சரக்கும் வெளியிலதான் இருக்கு. தாங்கும்."

"பெரிய ரூம்ல நம்மளோடதை மட்டும் எங்கேயாவது சொருகிடேன்."

"அங்க எலி போகக்கூட இடமில்ல."

"ஏதாவது ஒரு கீரைப் பெட்டிய எடுத்து வெளியில வையக்கா. கீரைதானே?"

"அந்தக் கீரைக்காரனுக்கு அக்கா இல்லன்னு எடுத்து வெளியில வைக்கவா?"

தம்பி ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி மூச்சு விட்டான். பிறகு சரி என்று வைத்துவிட்டான். அவன் குரலில் வழக்கத்தைவிட அதிகப் பயம் இருந்ததை அவள் கவனித்தாள். முதல் சரக்கு, பயம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பெரிய அறையில் நகர்த்திப் போட்டதில் ஒரு மூலை காலியாயிற்று. அப்போது தாமதமாக வந்து நின்ற ஒருவருடைய பச்சை மீனை அதில் வைக்கச் சொன்னாள்.

மதிய விமானம் வரவில்லை. மறுநாள் காலை என்றார்கள். மாலையில் மெக்கானிக் கம்ப்ரசரை ஓடவைத்தார். சின்ன அறை குளிர்ந்ததும் பெட்டிகளைத் திரும்ப உள்ளே ஏற்றினார்கள். ஜில்லக்கா ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தாள். கோழி, பட்டாணி, இறால் எல்லாம் சரி. ஐஸ்கிரீம்கூடச் சரி. கணவாய்ப் பெட்டிகளின் அடியில் ஈரம் கசிந்திருந்தது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"உன் பெட்டி ஈரமா இருக்கு. மேல உள்ளது இளகியிருக்கும்னு நினைக்கிறேன். இப்ப மறுபடி உறைஞ்சா எல்லாம் சேர்ந்து கட்டியாயிடும். அனுப்பாத. எடுத்துட்டுப் போயிடு."

"இல்லக்கா, நாளைக்குப் போகலன்னா அவங்க வேற ஆளைப் பாத்துடுவாங்க. அனுப்பிடு. கொஞ்சம் ஈரம்தானே?"

"வீட்ல கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். அனுப்பச் சொல்லிட்டா."

சரக்குக்காரன் அனுப்பு என்றால் கொட்டகை அனுப்ப வேண்டியதுதான். மறுநாள் காலை அது போயிற்று.

அங்கே திறந்தபோது வளையங்கள் எல்லாம் ஒட்டி, பெட்டிக்கு ஒரு பாறையாக இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே விமானத்தில் போன மற்றவர்களுடைய சரக்கைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

குடும்பத்தில் இதற்கு யாரும் விளக்கம் தேடவில்லை. விளக்கம் தயாராகவே இருந்தது. நாத்தனார் வேலையைக் காட்டிவிட்டாள். அம்மாவை வெளியே வைத்ததற்குக் கணவாயை வெளியே வைத்துவிட்டாள். ஒரு சித்தி இதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கேட்டவர்கள் எல்லோரும் அதன் பொருத்தத்தை ரசித்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பழி வாங்கியது என்றுகூட அதைக் குறையாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்கிற மாதிரிதான் பேசினார்கள். அது ஜில்லக்காவுக்கு இன்னும் கசப்பாக இருந்தது.

தம்பி மனைவி போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். "யாரோ ஒருத்தரோட மீனுக்குக் கடைசி நேரத்துல இடம் இருந்துச்சாமே அண்ணி. எனக்குத் தெரிஞ்சுது. அவ்வளவுதான்." பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

மேனேஜர் விசாரித்தார். ஜில்லக்கா நடந்ததைச் சொன்னாள். "நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சுமை ஏற்றும் ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பெரிய மீசை உள்ளவர், எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்க தம்பி அன்னைக்குக் காலைல நல்ல வேடிக்கை காட்டினாருக்கா. கேட்டுக்கு வெளிய சாக்கடைல டிரை ஐஸை அள்ளி அள்ளிப் போட்டாரு. சாக்கடை முழுக்க ஒரே புகை. சினிமால சாமி வர்ற மாதிரி இருந்துச்சு. நாங்க எல்லாரும் நின்னு பாத்தோம்."

ஜில்லக்கா சாப்பாட்டை மூடி வைத்தாள். அன்று மாலை தம்பியை வரச் சொன்னாள். கொட்டகைக்கு எதிரே லாரிகள் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். கேட்டதும் அவன் மறைக்கவில்லை. தாளில் எழுதியிருந்ததைவிடப் பெட்டிகளில் டிரை ஐஸ் அதிகம் இருந்தது. அவன் மனைவி பாதுகாப்புக்காகக் கூடுதலாக வைத்திருந்தாள்; தாளை நிரப்பிக் கொடுத்தது அவன், பழைய கணக்கைப் போட்டுவிட்டான். தாளை மாற்றி எழுத வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும் என்று ஏஜெண்ட் சொன்னதும், கணக்குக்குச் சரியாக வரும்வரை அள்ளிப் போட்டுவிட்டான். விமானம் நேரத்துக்குப் போயிருந்தால் மிச்சமிருந்ததே போதும்.

"அன்னைக்கு போன்ல சொல்லியிருக்கலாமேடா. உன்னோடதுல ஐஸ் குறைவுன்னு தெரிஞ்சிருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேன்."

"சொல்ல வந்தேன்க்கா. வாய் வரல."

"ஈரமா இருக்குன்னு சொன்னேனே, அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை என்று அவன் தலையாட்டினான்.

"அவகிட்ட நீ சொல்லிடாதக்கா. ஏற்கெனவே என்னைப் பத்தி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இதுவும் தெரிஞ்சா அவ்வளவுதான். நானே நேரம் பாத்துச் சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்க்கா."

அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் மறுநாள் வேனில் போகும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். அவர் ஒன்றும் புரியாமல், "ஊரே உன்னைப் பேசுது, நீ வாயத் திறக்கமாட்டேங்கிற. நாக்கும் உறைஞ்சு போச்சா?" என்று கேட்டார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஏன் சொல்லாமல் இருந்தாள் என்று கேட்டால், தம்பியின் குடும்பம் உடைந்துவிடுமே என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. சொன்னால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாள் என்று அதே சித்தி ஆரம்பிப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. இருக்கிற பட்டமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்த அம்மா, "ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, தனித்தனி வழியாகப் போய், ஆளுக்கு ஒரு டீ கொண்டுவந்து நீட்டினார்கள். கண் தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு டீயையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். "நீங்க இப்படியே இருந்தா எனக்கு நல்லதுதான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

தம்பி மனைவி தொழிலை விடவில்லை. உள்ளூர் ஓட்டல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. மற்றவர்களுடைய பெட்டிகளும் அதே நிழலில்தானே நின்றன? முதலில், நாத்தனார் தன்னுடையதை மட்டும் வெயிலில் தள்ளியிருப்பாள் என்று நினைத்தாள். கோபம் ஆற ஆற அந்த நினைப்பு நிலைக்கவில்லை. ஒரு வெயில் நாளில், அன்றைக்கு வைத்தது போலவே பெட்டிகளை அடுக்கி, அதே அளவு டிரை ஐஸ் வைத்து மூடி, மாடிக்குக் கொண்டுபோனாள். சிலவற்றை நிழலில் வைத்தாள். ஒன்றை வேண்டுமென்றே நேர் வெயிலில் வைத்தாள். மறுநாள் காலை திறந்து பார்த்தாள். நிழலில் இருந்தவை கல். வெயிலில் இருந்ததுகூட ஓரத்தில் கொஞ்சம் இளகியிருந்ததே தவிர, ஒட்டவில்லை.

அவள் கை கழுவிவிட்டு நேராகச் சரக்குக் கொட்டகைக்குப் போனாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததில்லை. வாசலில் நின்றவர்களிடம் ஜில்லக்காவின் அட்டைப் பெயரைச் சொல்லிக் கேட்க, யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மீசைதான் புரிந்துகொண்டு கூட்டிப்போனார்.

ஜில்லக்கா பெரிய அறையிலிருந்து பட்டைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தொப்பியும் கையுறையும் பருத்த மேல்சட்டையுமாக இருந்தவளைத் தம்பி மனைவிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு விஷயம் கேக்கணும். மாடில வச்சுப் பாத்தேன். என் பெட்டி தாங்குது. வெயில்லகூடத் தாங்குது. அன்னைக்கு ஏன் தாங்கல?"

ஜில்லக்கா கையுறைகளைக் கழற்றினாள்.

"அவனைக் கேளு."

"அவரை ஏன் கேக்கணும்?"

"அவனைக் கேளும்மா. நான் அதுக்கு மேல சொல்லமாட்டேன்."

தம்பி மனைவி அங்கேயே நின்றாள். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்து இரண்டு பேரையும் ஓரமாக நகர்த்திவிட்டுப் போயிற்று. அவள் முகத்தில் கேள்வி மெதுவாகப் பதிலாக மாறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுது."

"இத்தனை மாசம் நான் உங்களைப் பேசினதையெல்லாம் கேட்டுட்டா இருந்தீங்க?"

"நீ என்கிட்ட எங்க பேசின? மத்தவங்ககிட்டதானே பேசின. எனக்கு அரைகுறையாத்தான் வந்துச்சு."

தம்பி மனைவிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. அடக்கிக்கொண்டாள். அங்கே கிடந்த மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். அது என் பெட்டின்னு தெரிஞ்சுதானே வெளியில வச்சீங்க? அப்ப உள்ளுக்குள்ள உங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லையா?"

ஜில்லக்கா யோசித்தாள். அன்றைக்கு எந்தப் பெட்டி எங்கே போகும் என்று முடிவு செய்ததைவிட அதிக நேரம் யோசித்தாள்.

"இருந்துச்சு. அடுக்கி முடிச்சுப் போர்வையைக் கட்டினப்புறம் இருந்துச்சு. ஆனா அதுக்காக வைக்கல."

"இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்."

"சரி, எந்திரி. அந்தப் பலகையை வண்டிக்காரன் எடுக்கணும்."

அன்று தம்பி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வெளியே வரவில்லை. கூடத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். விசாரித்தவர்களிடம், டிவி சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டாள். தம்பி சில நாள் அக்கா வீட்டில் வந்து தங்கினான். கோபப்பட்டு வரவில்லை, மனைவி அனுப்பவும் இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்துவிட்டு வருகிறேன் என்று அவனே பையை எடுத்துக்கொண்டு வந்தான். ஜில்லக்காவின் கணவர் அவனைக் காலையும் மாலையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார், வீட்டில் சும்மா உட்கார வேண்டாமே என்று. வேனில் பிள்ளைகள் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். வாத்து வளர்த்த கதையை அவன் சொன்னால் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கமாட்டார்கள். அந்தப் பள்ளியில் இன்னொரு வேனுக்கு ஆள் தேவைப்பட்டது. அவன் சேர்ந்தான். அவன் விடாமல் செய்த முதல் வேலை அது. பிறகு வீட்டுக்கும் திரும்பிப் போனான். கணவாய்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர்களுக்குள் ஏற்பாடு.

சித்திக்கு மட்டும் கடைசிவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவளிடமிருந்த கதையே நன்றாக இருந்ததால் அவள் புதிது கேட்கவும் இல்லை.

தம்பி மனைவி அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். தப்பு எங்கள் பக்கம், இன்னொரு தடவை அனுப்புகிறேன் என்றாள். அவர்கள் பதில் போடவே வெகுநாள் ஆயிற்று. இரண்டாவது மாதிரியை அவளே பேக் செய்து, அவளே தாளை நிரப்பி, அவளே கொண்டுவந்தாள். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. முதலில் சின்னச் சின்ன ஆர்டராக வந்தது. பிறகு பெரிய ஆர்டர்கள் கப்பலில் போக ஆரம்பித்தன. அவசரத்துக்குக் கேட்பது மட்டும் விமானத்தில் போயிற்று. தெருமுனையில் ஒரு பழைய கிடங்கை எடுத்து வேலையை அங்கே மாற்றினாள்.

ஜில்லக்காவுக்கு முழங்கால் மூட்டு விட்டுப்போயிற்று. இத்தனை வருஷக் குளிர் சும்மா விடாது என்றார் டாக்டர். அவளைக் குளிரறையிலிருந்து எடுத்து, சரக்கு வாங்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். அங்கே மின்விசிறி மட்டும்தான். முதல் சில வாரம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்வெட்டர் போடாமல் வேலை பார்ப்பது, உடை போடாமல் வந்துவிட்டது போல இருந்தது என்று சொன்னாள்.

அந்தக் கவுண்டருக்குத்தான் தம்பி மனைவி பெட்டிகளோடு வருவாள். இரண்டு பேரும் குடும்ப விஷயம் அதிகம் பேசுவதில்லை. அம்மா மருந்து சாப்பிட்டாளா, தம்பி வேன் எப்படிப் போகிறது, அவ்வளவுதான். மற்ற நேரம் எடை, லேபிள், விமான நேரம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது முன்னைவிடக் கூடவில்லை. ஆனால் தம்பி மனைவிக்கு எதிலாவது சந்தேகம் வந்தால், ஏஜெண்டைக் கேட்பதற்கு முன்னால் இங்கே போன் அடித்தாள். ஜில்லக்காவும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

ஒருநாள் அவள் கொண்டுவந்த சரக்கில் ஒரு பெட்டியின் லேபிளில் எடை தவறாக இருந்தது. தாளில் ஒன்று, பெட்டியில் ஒன்று.

"அண்ணி, ஒரு எண்ணுதானே? பேனாவுல திருத்திடறேன்."

"திருத்தக்கூடாது. புது லேபிள் ஒட்டணும்."

"கிடங்குக்குப் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள இந்த ஃப்ளைட் போயிடும்."

"அடுத்த ஃப்ளைட் இருக்கு."

"நீங்க நாத்தனாரா, இல்ல சுங்க ஆபீசரா?"

"கவுண்டர்ல உக்காந்திருக்கேன். பின்னாடி ஆள் நிக்கிறாங்க, நகரு."

தம்பி மனைவி முணுமுணுத்துக்கொண்டே அந்த ஒரு பெட்டியை மட்டும் தூக்கி வண்டியில் வைத்தாள். மற்றவற்றை ஜில்லக்கா எடைபோட்டு, முத்திரை குத்தி, சின்ன அறைக்கு அனுப்பினாள். அந்த ஒற்றைப் பெட்டி சாயந்திரம் சரியான லேபிளோடு திரும்பி வந்தது. மறுநாள் விமானத்தில் போயிற்று.